சேனாபதியும் மூன்று பிள்ளைகளும் ஓர் ஆடும்

முன்னொரு காலத்திலே, உங்கள் தாத்தாவின் தாத்தாவுக்கே பல் முளைக்காத காலத்திலே, பூவாற்றூர் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு வயிரவேள் என்றொரு சேனாபதி இருந்தார். அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, காதுவரை முறுக்கிவிட்ட மீசை. இன்னொன்று, புறப்பட்டுவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார் என்பது. "வயிரவேள் திரும்பிப் பார்த்ததே இல்லை" என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். கேட்டுக் கேட்டு ஊருக்கே காது புளித்துப்போயிருந்தது.

பங்குனி மாதம் அங்கே ஆற்றங்கரையில் பெரிய சந்தை கூடும். கொழுத்த காளைக்குப் பரிசு, பெருத்த பூசணிக்குப் பரிசு, ராட்டினம், கழைக்கூத்து எல்லாம் உண்டு. சேனாபதியின் மனைவி நங்கை ஒவ்வொரு வருடமும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிப்போவாள். வீடு திரும்பியதும் அப்பாடா என்று கட்டையைப்போல் விழுந்துவிடுவாள்.

"மூன்று சுண்டைக்காய்களைச் சந்தைக்குக் கூட்டிப்போக இவ்வளவு அலுப்பா?" என்று சேனாபதி அரசவையில் சொல்லிச் சிரித்தார். "நான் மூவாயிரம் பேரை நடத்திப் போகிறவன்!"

அரசருக்கும் ஆறு பிள்ளைகள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்படியானால் இந்த வருடம் நீரே கூட்டி வாரும். சந்தையின் அந்தக் கோடியில் என் பந்தல் இருக்கும். மூன்று பேரையும், ஒருவர்கூட அழாமல், அங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் மீசையை எடுத்துவிட வேண்டும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றார் சேனாபதி, மீசையைத் தடவிக்கொண்டே.

சந்தை நாள் வந்தது. வாசலிலேயே அணிவகுப்பு நடந்தது. சேனாபதியின் தோளிலிருந்து நீளமான பட்டுத்துண்டு பின்னால் தொங்கியது. அதன் முனையைக் கடைக்குட்டி தும்பி பிடித்துக்கொண்டாள். தும்பியின் கையை நடுவன் சாத்தன் பிடித்தான். சாத்தன் கையை மூத்தவள் அல்லி பிடித்தாள். "துண்டை விடாதீர்கள். நிற்காதீர்கள். நட!" என்று உத்தரவு போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திப் புறப்பட்டார்.

"அப்பா, ராட்டினம்! பாருங்களேன்!" என்றான் சாத்தன்.

"போர்க்களத்தில் வேடிக்கை கிடையாது. நட!" என்றார், திரும்பாமல்.

"அப்பா, கயித்து மேல ஒரு பொண்ணு நடக்குறா! பாருங்களேன்!" என்றாள் அல்லி.

"போர்க்களத்தில் வேடிக்கை கிடையாது. நட!"

"அப்பா, ஒண்ணுக்கு வருது!" என்றாள் தும்பி.

"போர்க்களத்தில் அதெல்லாம் வராது. நட!"

அதற்குப் பிறகு பின்னாலிருந்து சத்தமே இல்லை. ஆனால் துண்டு மட்டும் இழுபட்டுக்கொண்டே வந்தது. 'வருகிறார்கள். சொன்னால் கேட்கிற பிள்ளைகள்' என்று சேனாபதிக்குப் பூரிப்பு. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். 'நம் மீசையைப் பார்த்து மகிழ்கிறார்கள்' என்று இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டுக்கொண்டார்.

பந்தல் வந்தது. அரசர் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் நாவிதர் கத்தியோடு தயாராக நின்றிருந்தார்.

"வேந்தே, இதோ என் செல்வங்கள்!" என்று கையை வீசித் திரும்பினார் சேனாபதி.

பின்னால் ஓர் ஆடு நின்றது. துண்டின் முனை அதன் கழுத்துக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. துண்டின் ஓரத்தில் பாதியை அது தின்றும் முடித்திருந்தது.

ஆட்டுக்காரி ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஏன்யா, மீசை வச்ச பெரிய மனுசன் ஆடு திருடலாமா?"

"என் பிள்ளைகள் எங்கே?"

"மூணு வாண்டுங்களா? அதுங்கதான் ஆட்டைக் கட்டிவிட்டுச்சுங்க. அப்புறம் எங்கிட்டுப் போச்சுங்கன்னு யாருக்குத் தெரியும்?"

சேனாபதி மீசையை மறந்தார், அரசரை மறந்தார். வந்த வழியே ஓடினார். வண்டிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பூசணிக் குவியலுக்குப் பின்னால் தேடினார். சுற்றுகிற ராட்டினத்தை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திப் பார்த்தார். எங்கும் இல்லை. ஏழு கோட்டைகளைப் பிடித்தவர், எள்ளுருண்டைக் கடை முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

அப்போது முரசு கேட்டது. சந்தையில் சேதி சொல்கிறவர் கத்தினார்.

"காணவில்லை! காணவில்லை! ஓர் அப்பாவைக் காணவில்லை! பெரிய மீசை, பட்டுத்துண்டு! கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். கண்டவர்கள் முன்னால் போய் நின்று சொல்லவும்!"

சேனாபதி ஓட்டமாய் ஓடினார். முரசு வண்டிமேல் மூவரும் காலை ஆட்டிக்கொண்டு பொரி தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை.

"தொலைந்து போனீர்களே!" என்று மூவரையும் வாரி அணைத்தார்.

"நாங்க எங்கப்பா தொலைஞ்சோம்? நாங்க மூணு பேரும் ஒண்ணாத்தான் இருக்கோம். நீங்கதான் தனியாப் போயிட்டீங்க" என்றாள் அல்லி.

"தும்பிக்கு அவசரம். அப்பா தனியாப் போறாரேன்னு ஆட்டைத் துணைக்குக் கட்டினோம்" என்றான் சாத்தன்.

தும்பியைத் தோளில் வைத்துக்கொண்டு சேனாபதி பந்தலுக்கு வந்தார். அரசர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு சேனாபதியின் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளைகள் யாரும் அழவில்லையே. நீர் ஜெயித்துவிட்டீர்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சேனாபதி தலை குனிந்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் மீசை தப்பிவிடும். ஆனால் அவருக்கு மனம் வரவில்லை. "இல்லை வேந்தே. நான் இவர்களைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. இவர்கள்தான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மீசையை எடுக்கச் சொல்லுங்கள்."

நாவிதர் கத்தியோடு நெருங்கினார். தோளிலிருந்த தும்பி சட்டென்று குனிந்து மீசையின் இரண்டு பக்கத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "எடுக்கக் கூடாது! அப்புறம் நான் எதைப் பிடிச்சுக்கறது?"

பந்தலே சிரித்தது. அரசர் நாவிதரை அனுப்பிவிட்டார். "மீசை குழந்தைக்கு உரியது. உமக்கு வேறு தண்டனை. வீடுவரை பிள்ளைகள் முன்னால் போகட்டும், நீர் பின்னால் போம்."

பிள்ளைகள் நின்ற இடத்திலெல்லாம் சேனாபதியும் நின்றார். ராட்டினம் பார்த்தார். கயிற்றின்மேல் நடந்த பெண்ணைப் பார்த்து வாய்பிளந்தார். தும்பி கேட்டபோதெல்லாம் புதரோரம் காவல் நின்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பாடா என்று கட்டையைப்போல் விழுந்தார். நங்கை காலைப் பிடித்துவிட்டாள்.

அடுத்த முறை படை புறப்பட்டபோது சேனாபதி முதல்முதலாகத் திரும்பிப் பார்த்தார். மூவாயிரம் பேரில் பாதிப் பேர் இளநீர்க் கடையில் நின்றிருந்தார்கள். எப்போதுமே அப்படித்தானாம்.

ஆகவே, கேட்டுக்கொள்ளுங்கள்: பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்காதவர், எவ்வளவு வேகமாக நடந்தாலும் தனியாகத்தான் போய்ச் சேருவார்.