மாலை போட்ட கரும்பலகை

எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் வாய்பிளந்தான்பட்டி என்ற உண்மையைச் சொல்லவேண்டி வரும்.

அந்த ஊரில் சோணைமுத்து தன் வீட்டு முன்னறையில் டிபன் கடை போட நாள் குறித்தான். ஏற்கெனவே சைக்கிள் கடை, கோழிக்கடை இரண்டையும் இழுத்து மூடிய கை அது. அதனால் மனைவி தவமணி முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இந்தாய்யா, இதுவும் படுத்துச்சுன்னா எங்கப்பன் வீட்டு எருமை மேய்க்கப் போயிடணும்."

அந்த எருமைகளை சோணைமுத்துவுக்குத் தெரியும். ஒவ்வொன்றும் மாமனார் சாயல்.

திறப்புக்கு முந்தின நாள் தவமணி அண்டா வாங்கிவர அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ் படியில் நின்றபடி மூச்சுவிடாமல் சொன்னாள்: "சுவத்துல இருக்கிற தாத்தா படத்தைக் கழட்டி பீரோவுல வையி. அந்தச் சட்டத்துல பலகையைப் பொருத்து. கையில படாம கருப்பு பெயிண்ட் அடி. நிழல்ல காயவை. எழுத்து நல்லா விழ, பலகை முழுக்க சாக்பீஸைத் தேய்ச்சு, துடை. காலையில நாப்பது இட்லி ஊத்தி, என்ன டிபன்னு அதுல எழுதி, முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டு. பத்து மணி பஸ்ஸுக்கு வந்துடுவேன்."

சோணைமுத்து துணைக்கு மச்சான் ஒச்சப்பனையும் பக்கத்து வீட்டு வீரபுத்திரனையும் கூட்டிவந்தான்.

"கையில படக்கூடாதாம். அப்ப எதால அடிக்கிறது?"

"ஆண்டவன் காலை எதுக்குக் குடுத்திருக்கான் மாப்ள?"

சோணைமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து கால்விரல் இடுக்கில் பிரஷ்ஷைப் பிடித்தான். பலகை கருப்பானது. ஒச்சப்பன் வேட்டி கருப்பானது. அந்தப் பக்கம் போன வெள்ளைக்கோழியும் கருப்பானது. கையில் ஒரு சொட்டு இல்லை.

அடுத்தது நிழல். வேப்பமரத்தடியில் வைத்தார்கள். சற்று நேரத்தில் பலகைமேல் வெயில் வந்தது.

"நிழல் ஓடுதுடா, விடாதே!"

மூன்று பேரும் பலகையைத் தூக்கிக்கொண்டு நிழலைத் துரத்தினார்கள். சாயங்காலம் நான்கு வீடு தள்ளி ஒரு மாட்டுக்கொட்டகையில் போய் நின்றார்கள். பொழுதும் சாய்ந்தது.

"இப்ப ஊரே நிழலாயிருச்சே, இதுல நம்ம நிழல் எது?" என்றான் வீரபுத்திரன். யோசித்தார்கள். பதில் கிடைப்பதற்குள் பலகை காய்ந்துவிட்டது.

சாக்பீஸ் தேய்த்துத் துடைத்தாயிற்று. விடிகாலை ஐந்து மணிக்கு இட்லி வெந்தது. சோணைமுத்து பெரிய எழுத்தில் 'இட்லி' என்று எழுதினான்.

"முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"மாலை போட்டிருந்துச்சு."

"சந்தனப்பொட்டு. கீழே விளக்கு, ஊதுபத்தி."

"தாத்தா முறைச்சுக்கிட்டே இருப்பாரே, அதுக்கு என்ன பண்றது?"

"நீ முறைச்சுக்கிட்டே மாட்டு."

அப்படியே மாட்டினார்கள்.

முதல் ஆளாக வந்தவர் பால்காரர் கழுவத்தேவர். மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், எழுத்துக்கூட்டிப் படித்தார். தோளில் கிடந்த துண்டு மெதுவாக இடுப்புக்கு இறங்கியது.

"எப்பப்பா ஆச்சு?"

"அஞ்சு மணிக்கு. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

"ரொம்ப சிரமப்பட்டுச்சோ?"

"சேச்சே. ஆவியில பத்து நிமிஷம், அவ்வளவுதான்."

அரைமணி நேரத்தில் ஊரே திரண்டது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தார்கள்: "பூவாட்டம் இருந்தியே, பொல்லாப்பு செய்யலியே! பல்லுப் போன கெழவனுக்கும் பக்கத்துணையா இருந்தியே!"

"சாப்பிடுங்க, சூடா இருக்கு" என்று சோணைமுத்து கெஞ்சினான்.

"எடுக்குறதுக்கு முன்னாடி எழவு வீட்டுல எவன்டா சாப்பிடுவான்?" என்று அதட்டினார் கழுவத்தேவர்.

நாற்பது இட்லியும் ஆறிக்கொண்டிருந்தது. சோணைமுத்துவின் கண்முன் எருமைகள் வரிசையாக வந்து நின்று திரும்பிப் பார்த்தன. அவனும் கோவென்று அழுதான்.

"பாவம், ரொம்ப நெருக்கம் போல" என்று கூட்டம் உச்சுக்கொட்டியது.

பத்து மணி பஸ்ஸில் இறங்கிய தவமணி வாசலில் கூட்டத்தைக் கண்டதும் அண்டாவைக் கீழே போட்டாள். "ஐயோ, என் மனுசன்!" என்று முண்டியடித்து உள்ளே பாய்ந்தால், மனுசன் முழுசாக உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

"யாருய்யா?"

சோணைமுத்து சுவரைக் காட்டினான்.

தவமணி பலகையைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்த பார்வையில் அவன் அழுகை நின்றது. விறுவிறுவென்று போய் முந்தானையால் எழுத்தை ஒரே இழுப்பில் துடைத்தாள்.

வீரபுத்திரன் தொண்டையைச் செருமினான்.

"எடுத்தாச்சு."

அவ்வளவுதான். ஊரே வாய்க்காலுக்குப் போய் முழுகிவிட்டு, ஈரத்துணியும் கொலைப்பசியுமாகத் திரும்பி வந்தது. நாற்பது இட்லியும் கண்மூடித் திறப்பதற்குள் போய், ஆளுக்கு இன்னும் நாலு கேட்டார்கள். தவமணி அண்டாவைக் கழுவி அடுப்பிலேற்றினாள்.

கழுவத்தேவர் ஐந்தாவதை விழுங்கிவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இன்னைக்கு அது மட்டும் இருந்திருந்தா, இந்தச் சாப்பாட்டை எப்படி ரசிச்சிருக்கும்!"

அன்று எருமைகள் தப்பின.

மறுநாள் தவமணியே பலகையில் 'பொங்கல்' என்று எழுதி, மாலை, விளக்கு எதுவும் இல்லாமல் மாட்டினாள். கழுவத்தேவர் வந்தார். படித்தார். துண்டு இறங்கியது.

"அடுத்தடுத்து ரெண்டா! இட்லி போன ஏக்கம்தான் இதையும் கொண்டுபோயிருச்சு" என்று சொல்லி, சொந்தக் காசில் மாலை வாங்கிவர நடந்தார்.

தவமணி வாயைத் திறப்பதற்குள் சோணைமுத்து ஈரத்துணியோடு பலகைக்குப் பாய்ந்தான்.

"பெரியப்பா, மாலையெல்லாம் வேணாம், சட்டுன்னு எடுத்துருவோம்! பொங்கல் ஆறிப்போயிரும்!"