ஆள்காட்டி சொன்ன "வாங்க"

பறவைகளுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஏரிக்கு வரும் விருந்தாளிகளை வரவேற்கிற வேலை ஆள்காட்டிக் குருவியிடம் இருந்தது. மழைக்காலம் தொடங்கியதும் வடக்கிலிருந்து வாத்துகள் வரும். ஆள்காட்டி கரையில் நின்று, இனிமையான குரலில் "வாங்க, வாங்க" என்று சொல்லும். மலையைத் தாண்டி வந்த களைப்பெல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடுகிறது என்று மூத்த வாத்து சொல்லும். அது ஆள்காட்டிக்கு உயிர்த்தோழி. குளிர்காலம் முழுக்க இரண்டும் சேர்ந்தேதான் மேயும்.

ஒரு வருடம் ஏரியில் முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை ஒன்று குடிவந்தது. கைப்பிடி அளவுதான் இருக்கும். வாத்துகள் இறங்கியதும் பக்கத்தில் நீந்திப் போய், வழியில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று மெல்லக் கேட்டது. இப்படி யாருமே கேட்டதில்லையே என்று மூத்த வாத்து உருகிப்போனது.

ஆள்காட்டிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? இத்தனை வருடம் கரையில் கால் கடுக்க நின்றது யார்? நேற்று வந்த பொடிசுக்கு இவ்வளவு கொஞ்சலா? வாத்துகள் ஊர் திரும்பிய பிறகும் அதன் மனம் ஆறவில்லை. முக்குளிப்பானைப் பார்க்கும்போதெல்லாம் கரித்துக் கொட்டியது. பிடித்த புழுகூடத் தொண்டையில் இறங்கவில்லை. அடுத்த முறை என் குரல்தான் என் தோழி காதில் முதலில் விழவேண்டும் என்று முடிவுகட்டியது.

மறுபடி மழைக்காலம் வந்தது. வாத்துகள் ஏரிக்கு மேலே வட்டமிட்டன. மூத்த வாத்து கீழே பார்த்து, "நம்ம சின்னவ எங்கே?" என்று கேட்டது.

அவ்வளவுதான். கரையில் காத்திருந்த ஆள்காட்டி விருட்டென்று மேலே எழும்பி, "வாங்க, வாங்க, வாங்க" என்று கத்தியது. சொல் பழைய சொல்தான். ஆனால் வருடம் முழுக்கத் தொண்டையில் தேங்கிக் கிடந்த பொறாமையெல்லாம் அதோடு சேர்ந்து வந்தது. வேடன் வந்துவிட்டான் போலிருக்கிறது என்று நடுங்கி, வாத்துக் கூட்டம் அப்படியே திரும்பிப் பறந்தது. முக்குளிப்பான் பயந்துபோய்த் தண்ணீருக்குள் மூழ்கியது.

கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நீட்டி, "அக்கா, ஏன் அவங்களை விரட்டுனீங்க?" என்று கேட்டது.

"வாங்கன்னுதானே சொன்னேன்" என்றது ஆள்காட்டி. அந்தக் குரலைக் கேட்டதும் முக்குளிப்பான் மறுபடி மூழ்கிவிட்டது.

மூத்த வாத்து அந்த ஏரிக்குத் திரும்பி வரவே இல்லை. ஆள்காட்டியின் பழைய குரலும் திரும்பவில்லை. அன்று தொடங்கியதுதான், ஏரிக்கரையில் யார் வந்தாலும் ஆள்காட்டி அவர்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துவது. ஆள் வருகிறது, ஓடுங்கள் என்று அது எச்சரிப்பதாக நாம் நினைக்கிறோம். அதுவோ, இன்னும் வரவேற்றுக்கொண்டுதான் இருக்கிறது.