மாலேட் நுழையாத ஆறு வாரம்

அருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்லூரியில் இருபத்தேழு வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். முனைவர் பட்டம் வாங்கியே தீருவதென்று ஹாஜிராவின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஹாஜிராவுக்கு முப்பத்தெட்டு. அவர் இவரை 'சார்' என்பார். இவர் அவரை 'மேடம்' என்பார்.

பாசிப்பயறு முளையை அரைத்து, துணியில் வடிகட்டி, மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுப்பார் அருளப்பன். செல்லின் மூச்சு நடக்கிற இடம் அது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதன் சவ்வைத் தாண்டி மாலேட் என்ற அமில உப்பு உள்ளே போகிறதா என்பதுதான் அவருடைய ஆய்வு. போனால் கூடவே தண்ணீரும் போகும். மைட்டோகாண்ட்ரியா உப்பும். கலங்கல் தெளியும். கருவியின் திரையில் கோடு இறங்கும்.

கோடு இறங்கவில்லை. ஆறு வாரமாக.

மாலேட்டை இன்னும் அதிகமாக ஊற்றிப் பார்த்தார். கோடு இறங்குவதற்குப் பதிலாக லேசாக ஏறியது. அழுக்கு இருக்குமோ என்று, மைட்டோகாண்ட்ரியாவை இரண்டு தரம் கழுவுவதை நான்கு தரமாக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு வயதுக்கு மேல் வந்து, இதைக்கூடச் செய்யத் தெரியவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கோடு இறங்காத படங்களை அச்செடுத்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மைட்டோகாண்ட்ரியா நன்றாகப் பிரிந்து வந்ததைக் காட்டும் படங்களை மட்டும் ஹாஜிராவிடம் காட்டிவந்தார்.

மறுநாள் காலை அவருடைய ஆய்வை மதிப்பிடும் குழு கூடுகிறது. இனி வழியில்லை. அவர் ஹாஜிராவின் மேசை முன் போய் நின்றார்.

"மேடம், இந்தச் சவ்வு மாலேட்டை விடாதுன்னு எழுதிடலாமா?"

ஹாஜிரா எழுந்து வந்து, அவருடைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். அருளப்பன் தயாராக வைத்திருந்த கலவையையே கருவிக்குள் வைத்தார். கோடு நேராக ஓடியது. அலமாரியிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு துளி விட்டார்.

கோடு சரிந்தது. சரிந்துகொண்டே போனது.

"என்ன மேடம் விட்டீங்க?"

"பாஸ்பேட்."

"நான் கேட்டது மாலேட்டைப் பத்தி."

"மாலேட் சும்மா உள்ளே போகாது சார். உள்ளேருந்து ஒண்ணு வெளியே வரணும். இப்ப பாஸ்பேட் உள்ளே போய் வெளியே வருது; அந்த இடத்துக்குத்தான் மாலேட் போகும்."

"உள்ளே ஒண்ணுமே இல்லையா?"

"இருந்த கொஞ்சத்தையும் நீங்க நாலு தரம் கழுவிட்டீங்களே."

அருளப்பன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு துளிதானே விட்டீங்க? அது தீர்ந்துடாதா?"

"வெளியே வந்த பாஸ்பேட் திரும்ப உள்ளே போயிடும். அதுக்குத் தனி வழி இருக்கு. மறுபடி வெளியே வரும், இன்னொரு மாலேட் உள்ளே போகும்." ஹாஜிரா புட்டியை அவர் கையில் கொடுத்தார். "அடுத்து சிட்ரேட்டை வச்சுப் பாருங்க."

சொல்லிவிட்டுத் தம் இடத்துக்குப் போய்விட்டார்.

அருளப்பன் மாலேட்டுக்குப் பதிலாக, எலுமிச்சைப் புளிப்பின் உப்பான சிட்ரேட் கரைசலில் மைட்டோகாண்ட்ரியாவைக் கலந்து வைத்தார். பாஸ்பேட் ஒரு துளி விட்டார். கோடு அசையவில்லை. இன்னொரு துளி விட்டார். அப்போதும் அசையவில்லை.

இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த ஹாஜிரா தலை நிமிரவில்லை.

அருளப்பன் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். பாஸ்பேட் வெளியே வந்தால் மாலேட் உள்ளே போகும். அப்படியானால் சிட்ரேட்டுக்காக வெளியே வர வேண்டியது எது? அவருக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. மாலேட்டில் ஒரு துளி எடுத்து விட்டார்.

கோடு இறங்கியது.

வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்: "போயிடுச்சு மேடம்!"

"எது வெளியே வந்து?"

"மாலேட். அது உள்ளே போறதுக்குப் பாஸ்பேட். ரெண்டுல எது இல்லைன்னாலும் சிட்ரேட் வாசல்லயே நிக்கும்."

"நாளைக்குக் குழு கேட்டா?"

"நின்னுக்கிட்டே சொல்வேன். எவ்வளவு வேணும்னாலும் கேக்கட்டும்."

மாலை வரை இருந்து, இரண்டு சோதனைகளையும் மும்மூன்று தரம் செய்து பார்த்தார். எல்லாத் தரமும் கோடு இறங்கியது. படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? ஒரு துளி விஷயம். ஆறு வாரம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

ஹாஜிரா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த ஆறு வாரமும் நல்லா வந்த படத்தை மட்டும்தானே சார் எங்கிட்ட காட்டினீங்க?"