தீர்த்தவாரிச் செய்தி

கலியபெருமாள் நிருபர். வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு பரிபூரணத்தம்மாளுக்கு நாற்பதுகூட நிறையவில்லை. "சின்னப் பொண்ணு கால்ல போய் விழுறாரே" என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசட்டும், வாய் இருக்கிறது பேசுகிறார்கள்.

அன்றைக்கு மடத்துக்குள் நுழையும்போதே அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"அம்மா, கடல் குப்பத்தைத் தின்னுக்கிட்டே வருது. இன்னும் ரெண்டு தெரு போனா என் தங்கச்சி வீடு. பூமி சூடாகுது, கடல் ஏறுதுன்னு ஆபீஸ்ல சொன்னா, 'புயல் அடிச்சா எழுதுய்யா, சும்மா கிடக்குற கடலைப் பத்தி என்ன எழுதுவே'ங்கறாங்க."

"புயல் அடிச்சப்ப எழுதினீங்களா?"

"முதல் பக்கத்துல, படத்தோட. நாலு நாள் மந்திரி வந்தாரு, டிவிக்காரன் வந்தான். அஞ்சாம் நாள் ஈ காக்கா இல்லை."

அம்மாள் முன்னால் உட்கார்ந்தார்.

"ஒண்ணுமே நடக்காத நாள்ல கடல் வர்றதை எப்படிம்மா செய்தியாக்குறது?"

"நாளைக்கு மாசி மகத் தீர்த்தவாரி. அம்மன் பல்லக்குக்கு ஆள் குறையுதாம். போய்த் தோள் கொடுங்க" என்றார் அம்மாள்.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனால் குருவின் பேச்சைத் தட்ட முடியுமா?

மறுநாள் மாரியம்மன் கடலாடக் கிளம்பினாள். இருபது வருஷமாகக் கோவில் வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பைக்கில் பறந்துவிடுகிறவர், அன்று வேட்டியை மடித்துக் கட்டிப் பல்லக்கைச் சுமந்தார். பத்தடியிலேயே தோள் கடுத்தது.

"எங்கேப்பா தோள் மாத்துவீங்க?" என்று பக்கத்தில் தூக்கிவந்த அஞ்சப்பனைக் கேட்டார்.

"எங்கப்பா காலத்துல மூணு எடத்துல மாத்துவாங்க. நான் தூக்க வந்தப்ப ரெண்டு. இப்ப மாத்துறதே இல்லீங்க. அதுக்குள்ள கடல் வந்துருதே."

சொல்லி வாய் மூடவில்லை, அலை வந்து முழங்காலை நனைத்தது.

ஈர வேட்டியோடு மடத்துக்கு வந்தார். அம்மாள் ஒரு பத்திரிகைத் துண்டை நீட்டினார்.

"போன வருஷம் நீங்க எழுதின தீர்த்தவாரிச் செய்தி. படிங்க."

"'கோவிலில் இருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கடற்கரைக்கு அம்மன் எழுந்தருளினார்...'" குரல் இறங்கிவிட்டது.

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதேதாம்மா."

"அதுக்கும் முந்தி?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. திருவிழாச் செய்தியில் புதுசாக என்ன இருக்கப்போகிறது என்று, பழையதை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்புவது அவர் வழக்கம்.

"காலையில உங்க தங்கச்சி கொடுத்துட்டுப் போனா" என்றார் அம்மாள். "கரையில கல்லு கொட்டச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல மனு போட்டாளாம். 'கடல் அரை கிலோமீட்டர்ல இருக்குன்னு பேப்பர்லயே போட்டிருக்கே'ன்னு இதைக் காட்டித் திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

கலியபெருமாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாவி, என் கையாலேயே செய்தேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நான் இப்ப என்னம்மா செய்யணும்?"

"இந்த வருஷச் செய்தியை எழுதிட்டீங்களா?"

பல்லக்குக்குத் தோள் கொடுக்கும் முன்பே அதைக் கலியபெருமாள் அனுப்பிவிட்டிருந்தார்.