அகிலினாவின் பொன்னெழுத்து

இருட்டிய பிறகு, வேன் நின்ற பக்கத்திலிருந்து 'சரக், சரக்' என்று சத்தம் கேட்டது.

தியான இல்லத்தின் குரு சிஸ்டர் செலஸ்டின் டார்ச்சோடு போய்ப் பார்த்தார். சிஷ்யை பிலோமினா வேனின் பின்கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே வயதுதான்.

பிலோமினாவின் மகள் பிறந்த அன்று, அவள் கணவன் தன் வேனின் அந்தக் கதவில் 'அகிலினா' என்று பொன்நிற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். இப்போது அவன் லாரியோடு வடக்கே போயிருந்தான்.

"என்ன பிலோ இது?"

"பேரு வெளுக்குது சிஸ்டர். போன மழையில பிள்ளைக்கு ஜன்னி வந்ததுல இருந்துதான். இந்தப் பொன்னு போயிட்டா அவளும்…"

"எதால தேய்க்கிற?"

"புளி."

சிஸ்டர் சிரித்துவிட்டார். "குத்துவிளக்குன்னு நினைச்சியா? இது பித்தளை இல்ல, பிளாஸ்டிக்."

முதல் எழுத்தின் பொன் முழுக்கப் போயிருந்தது.

சிஸ்டர் மற்ற எழுத்துகளில் வெளிச்சம் அடித்தார். "நீ தொடாததைப் பாரு. இந்த 'லி'க்கு மேல்சுழி வெயில் பட்டு வெள்ளியாயிருக்கு. நடுவுல தேன். அடியில இன்னும் பொன்னு. வெடிப்பு பாரேன், தட்டான் ரெக்கை மாதிரி. புதுசுல இவ்வளவு அழகா இருந்திருக்காது."

"உரிஞ்சு விழுந்துட்டா சிஸ்டர்?"

சிஸ்டர் 'அ'வின் ஓரத்தில் நகத்தை விட்டார்.

"வேண்டாம் சிஸ்டர்." பிலோமினா அவர் கையைப் பிடித்தாள். அதற்குள் எழுத்து உரிந்து வந்துவிட்டது.

வேனின் நீலம் எங்கும் வெளுத்திருந்தது. உரிந்த இடத்தில் மட்டும், வெயில் படாமல், ஸ்டிக்கர் ஒட்டின அன்றைய கருநீலத்தில், 'அ' அப்படியே நின்றது.

"இப்பத் தேய்."

பிலோமினா புளியால் தேய்த்தாள். ஒட்டியிருந்த பசைதான் போனது. எழுத்து இன்னும் பளிச்சென்று ஆனது. அதன்மேல் விரலை ஓட்டினாள். பிடித்து உரிக்க ஓரமே இல்லை.

"இதை இத்தனை நாள் யாரு சிஸ்டர் காப்பாத்தினது?"

சிஸ்டர் டார்ச்சை அணைத்தார். "நீ தூங்கின ராத்திரியிலயும் அந்தக் காவல் நடந்திருக்கு பிலோ."

பிலோமினா மகள் தூங்கும் அறைக்குப் போனாள். ஜன்னி வந்த நாளிலிருந்து, கூப்பிட்டால் யாராவது ஓடி வரவேண்டுமே என்று, அவள் ராத்திரியில் கதவைச் சாத்துவதோடு சரி, தாழ் போடுவதில்லை.

சிஸ்டர் முற்றத்தில் நின்றார். பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.