ஏரி வெளியூர் போயிருந்தபோது

புரட்டாசி பிறந்தும் வெயில் தணியவில்லை. ஏரியின் நடுவே கொஞ்சம் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. கரைமேட்டில் ஒரு பாறைக்கு அடியில் முள்ளெலி ஒன்று வளை தோண்டி வாழ்ந்து வந்தது. காய்ந்த, கெட்டியான வளை. ஒரே குறை, தண்ணீர் குடிக்க வெகுதூரம் இறங்கிப் போக வேண்டும். முள்ளெலிக்கு அது நிறைமாதம் வேறு. போய் வருவதற்குள் நாக்குத் தள்ளியது.

இதை ஒரு கீரி கவனித்துக்கொண்டே இருந்தது.

"என்னக்கா, இந்த வயித்தோட இவ்வளவு தூரமா? என் வளையை வந்து பாருங்க! தண்ணிக்குப் பத்தே அடி. எழுந்தா ஏரி, படுத்தா காத்து!"

"அதுக்கு நான் என்ன தம்பி கொடுக்கிறது?"

"உங்க பாறை வளையைக் கொடுங்க, போதும். எனக்கு நஷ்டம்தான். நேத்துகூட ஒரு முயல் வந்து கேட்டுட்டுப் போச்சு!"

முயல் கேட்டது என்றதும் முள்ளெலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்போதே கீரியோடு இறங்கிப் போனது.

வளை விசாலமாகத்தான் இருந்தது. வாசலில் ஒரு கருவேல மரம். அதன் அடிமரம் ஒரு குறிப்பிட்ட உயரம் வரைக்கும் வெளுத்து, அதற்கு மேல் கறுத்திருந்தது.

"இது என்ன தம்பி கோடு?"

"மாடு உரசின தடம்க்கா!"

"மண்ணுல இவ்வளவு நத்தை ஓடு கிடக்கே?"

"முன்னாடி இருந்தவங்க அழகுக்குப் பதிச்சது!"

எவ்வளவு நல்ல கேள்விகள்! கேட்கத் தெரிந்த முள்ளெலிக்குப் பதிலைச் சந்தேகப்படத் தெரியவில்லை. குளிர்ந்த காற்று மூக்கில் பட்டதும் சரி என்று தலையாட்டிவிட்டது. அன்றே கீரி மேட்டில் ஏறிப் பாறை வளைக்குக் குடி போயிற்று.

மறுநாள் முள்ளெலி பிரசவத்துக்காக வளையின் ஒரு மூலையைத் தோண்டியது. நகத்தில் ஏதோ கெட்டியாகத் தட்டியது.

"யாரது, என் தூக்கத்தைக் கெடுக்கிறது?"

முள்ளெலி பயத்தில் பந்தாகச் சுருண்டுவிட்டது. மண்ணுக்குள்ளிருந்து ஓர் ஆமையின் தலை நீண்டது.

"என் வீட்டுக்குள்ள உனக்கு என்ன வேலை? இது நான் வாங்கின இடம்!" என்று சுருண்டபடியே கத்தியது முள்ளெலி.

"வாங்கினியா? யார்கிட்ட?"

"கீரிகிட்ட!"

"ஏரியோட இடத்தை விக்க கீரி யாரு தாயி? ஏரி இப்போ வெளியூர் போயிருக்கு. ஐப்பசியில வந்துடும். அதுக்காகத்தான் நான் இங்கேயே படுத்துக் காத்திருக்கேன்."

முள்ளெலி மூச்சு வாங்க மேட்டுக்கு ஓடிக் கீரியிடம் கேட்டது.

"அட போங்கக்கா! காலி பண்ண மனசில்லாம ஆமை கதை விடுது!" என்று சிரித்தது கீரி.

அந்தப் பேச்சு இனித்தது. அதனால் முள்ளெலி அதையே நம்பியது. வசதியான பொய் வாசலுக்கு வந்தால் பாய் போட்டு உட்கார வைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

மூன்று குட்டிகள் பிறந்தன. இன்னும் கண் திறக்கவில்லை. ஐப்பசியும் வந்தது. தினமும் முள்ளெலி வெளியே வந்து வானத்தைப் பார்க்கும். ஒரு பொட்டு மேகம் கிடையாது. "மழையே இல்லை, தண்ணி எங்கிருந்து வரும்?" என்று நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் நடுப்பகல். சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த முள்ளெலியின் வயிறு சில்லிட்டது. கண் விழித்தால், வளைக்குள் தண்ணீர்! மழை பெய்தது எங்கோ மேற்கே, மலையில். வாய்க்கால் வழியாக ஏரி தன் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"ஐயோ! என் பிள்ளைங்க!"

ஒரு குட்டியை வாயில் கவ்வியது. மற்ற இரண்டும் மிதக்கத் தொடங்கிவிட்டன. எதை எடுப்பது, எதை விடுவது? முள்ளெலியின் உடம்பெல்லாம் நடுங்கியது.

"என் முதுகுல போடு, சீக்கிரம்!" என்றது ஆமை. இவ்வளவு நாள் அதைத் திட்டித் தீர்த்த முள்ளெலி, கூச்சப்படக்கூட நேரமில்லாமல் மூன்றையும் அதன் ஓட்டில் ஏற்றித் தானும் தொற்றிக்கொண்டது.

கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தது. வளை இருந்த இடம் தெரியவில்லை. கருவேல மரம் மட்டும் நின்றது. மாடு உரசியதாகச் சொன்ன அந்தக் கோட்டை நோக்கித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

சொட்டச் சொட்டப் பாறை வளையின் முன் போய் நின்றது முள்ளெலி.

"இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்" என்றது கீரி. "போன வருஷம் ஒரு உடும்பு அதை என் தலையில கட்டுச்சு. அந்த வளையிலதான் என் ரெண்டு குட்டியும் போச்சு."

"பிள்ளையைப் பறிகொடுத்த நீயா அதை எனக்குக் கொடுத்தே?"

"யார் தலையிலயாவது கட்டித்தானே ஆகணும்? பேசினது பேசினதுதான். போங்கக்கா!"

முள்ளெலி பக்கத்தில் ஒரு கல்லிடுக்கில் ஒண்டிக்கொண்டது. மழை பெய்தால் ஒழுகும். வெயில் அடித்தால் சுடும். எப்படியோ மூன்று குட்டிகளும் பிழைத்து வளர்ந்தன.

மறு வருஷம். மறுபடி ஏரி வற்றியது. மேட்டில் நல்ல வளையில் இருந்த ஒரு முயல், நிறைமாத வயிற்றோடு மூச்சிரைக்க வந்தது.

"அக்கா, தண்ணிக்கு நடந்து மாளலை. கீழே அந்தக் கருவேல மரத்துகிட்ட இருக்கிற வளை உங்களோடதாமே? என் வளையைத் தர்றேன், மாத்திக்கிறீங்களா?"

முள்ளெலி ஒழுகும் கல்லிடுக்கைப் பார்த்தது. முயலின் மேட்டு வளையைப் பார்த்தது.

"தாராளமா! தண்ணிக்குப் பத்தே அடி. எழுந்தா ஏரி, படுத்தா..."

முள்ளெலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வாயிலிருந்தா இந்தப் பேச்சு! வளைக்குள் தண்ணீர் புகுந்த அன்றுகூட அது இப்படி நடுங்கியதில்லை.

"வேணாம் தங்கச்சி, வா என்கூட" என்று முயலை அந்தக் கருவேல மரத்தடிக்கு அழைத்துப் போனது. "இந்தக் கோட்டைப் பாரு. ஐப்பசியில தண்ணி அது வரைக்கும் நிக்கும்."

முயல் அண்ணாந்து பார்த்தது. கோடு அதன் நீண்ட காதுகளுக்கும் மேலே இருந்தது. அப்படியே தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

ஏரியோரம் இடம் வாங்குகிறவர் விற்பவன் வாயை நம்பாமல் ஏரி விட்டுப்போன தடத்தைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் ஏமாந்தவர், அந்த ஏமாற்றத்தைத் தன்னோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.