இரண்டாவது சரணத்தில் ஒரு பல்லி

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. பாடகர் தணிகாசலம் தன்னோடு கல்யாணக் கச்சேரிகளுக்கு வரும் கீபோர்டுக்காரரிடம் சொன்னார். கீபோர்டுக்காரர் என் அறையில் தங்கியிருந்தார், அவர் எனக்குச் சொன்னார். இரண்டு வாய் வழியாக வந்ததில் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு உதிர்ந்தது என்று எனக்குத் தெரியாது. என்னால் சரிபார்க்க முடிந்தது ஒன்றுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

"ஃப்ரீ சாஃப்ட்வேர் போதுமா மேடம்?"

தணிகாசலம் உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"எதுக்குப் போதுமா?" என்றார் ஷமீமா.

"படத்துக்கு."

ஷமீமா ஒலிப்பதிவு என்ஜினீயர். சாலிகிராமத்தில் ஒரு மாடி அறையில் வேலை செய்தார். தணிகாசலத்தைவிடச் சில வயது சிறியவர். ஆனாலும் காது விஷயத்தில் இவர்தான் குரு என்று தணிகாசலம் முடிவு செய்திருந்தார்.

ஷமீமா பெரிய என்ஜினீயர்களுக்குப் பாடல்களை மிக்ஸ் செய்து கொடுப்பார். குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகச் சேர்த்து, வேண்டாத சத்தங்களை நீக்கித் தருகிற வேலை. பாட்டு வெளிவரும்போது அந்தப் பெரியவர்களின் பெயர் வரும். எந்தப் பாட்டு தன் கைக்கு வந்தது என்று வெளியே சொல்லக் கூடாது. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் வேலை வாங்கியிருந்தார்.

"படத்துக்கு என்ன பாடறீங்க?"

"டிராக்."

டிராக் என்றால் மாதிரிக் குரல். பெரிய பாடகர் வந்து பாடும்வரை பாட்டில் இருக்கும். அவர் எப்படிப் பாடுவாரோ அப்படியே பாடிக் கொடுக்க வேண்டும். அவர் வந்து பாடியதும் இதை அழித்துவிடுவார்கள். தணிகாசலம் பல வருடங்களாக அழிந்துகொண்டிருந்தார்.

அதனால் அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. தான் டிராக் பாடிய பாட்டு வெளிவந்தால் கேட்கமாட்டார். பஸ்ஸில் அது ஓடினால் காதுக்குள் விரலை விட்டுக் குடைய ஆரம்பித்துவிடுவார்.

"இந்தத் தடவை வேற மேடம். என் குரலையே வெச்சுக்கலாம்னு மியூசிக் டைரக்டர் சொல்றாராம். குவாலிட்டி மட்டும் சரியா இருக்கணுமாம். அவர் அசிஸ்டென்ட் சொன்னார்."

"எதுல எடுக்கறீங்க?"

"வீட்லதான். பழைய லேப்டாப். புதுசா கத்துக்கறவங்களுக்குச் சும்மா குடுப்பாங்களே, அந்த சாஃப்ட்வேர். ஸ்கூட்டரை வித்துட்டு நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

"ஸ்கூட்டர் இல்லாம கச்சேரிக்கு எப்படிப் போவீங்க அண்ணா?"

"படத்துல பேர் வந்துட்டா கச்சேரிக்கு ஏன் போறேன்?"

ஷமீமா மைக்கை நகர்த்தி வைத்தார்.

"ரெண்டு வரி பாடுங்க."

பாடினார். அதைத் தணிகாசலத்தின் லேப்டாப்பில் எடுத்தார். மறுபடி பாடச் சொன்னார். அதே மைக், அதே இடம். இந்த முறை தன் கம்ப்யூட்டரில், விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரில் எடுத்தார்.

பிறகு திரையை அணைத்துவிட்டு இரண்டையும் போட்டார்.

"எது ஃப்ரீ?"

"ரெண்டாவது. கொஞ்சம் மொட்டையா இருக்கே."

"ரெண்டாவது என்னுது."

தணிகாசலம் அணைந்த திரையையே பார்த்தார்.

"எனக்குத் தெரியல மேடம். ஆனா அவங்களுக்குத் தெரியுதே. போன தடவை அந்த அசிஸ்டென்ட் போன்ல கேட்டார். ஃப்ரீ சாஃப்ட்வேர்னு கேட்டாலே தெரியுதே சார்னு."

"நீங்க என்ன எழுதி அனுப்பினீங்க?"

போனை எடுத்துத் தேடிப் படித்தார். "வணக்கம் சார். வீட்டில் ஃப்ரீ சாஃப்ட்வேரில் எடுத்தது. குறை இருந்தால் மன்னிக்கவும்."

படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எல்லாத் தடவையும் இப்படித்தானா?"

"ஒரு மரியாதைக்கு எழுதறதுதான்."

"இந்தத் தடவை பாட்டை மட்டும் அனுப்புங்க. மரியாதையை வீட்லயே வெச்சுக்கங்க."

எழுந்தவர் வாசலில் நின்றார்.

"அப்ப பெரிய ஸ்டூடியோல அப்படி என்னதான் மேடம் இருக்கு?"

"கதவு."

வெளிச் சத்தம் உள்ளே வராத கனமான கதவைச் சொல்கிறார் என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டார்.

*

அடுத்த முறை பாட்டை எடுத்து வந்தார். ஷமீமா முதல் வரியிலேயே நிறுத்தினார்.

"ஃபேன் ஓடுது."

"நிறுத்தினா வேர்க்குது மேடம்."

"வேர்க்கட்டும்."

அதற்கடுத்த முறை பல்லவி வரை போனது.

"சுவர் திருப்பிப் பாடுது. வீட்ல துணி பீரோ இருக்கா?"

"இருக்கு. சம்சாரத்தோடது."

"அதைத் திறந்து வெச்சு, புடவைக்கு முன்னால நின்னு பாடுங்க. துணி சத்தத்தைக் குடிச்சிடும்."

அப்படியே செய்தார். மறுபடி வந்தபோது ஷமீமா கேட்டார்.

"வீட்ல என்ன சொன்னாங்க?"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு பாட்டுப் பாடினதில்ல, என் புடவைகிட்ட பாடறியேன்னு கேக்கறா."

அந்த முறை ஷமீமா நிறுத்தவில்லை. பல்லவி போனது. முதல் சரணம் போனது. இரண்டாவது சரணத்தில் ஒரு வரி மேலே ஏறி, அங்கேயே நின்று, அவசரமில்லாமல் இறங்கியது. அதற்குப் பிறகு பாட்டில் ஒரு சின்ன இடைவெளி. வாத்தியம்கூட இல்லாத இடம்.

அந்த இடத்தில் 'ச்சு ச்சு ச்சு' என்று ஒரு சத்தம்.

ஷமீமா நிறுத்தினார்.

"பல்லி" என்றார் தணிகாசலம். "பீரோவுக்குப் பின்னால இருக்கு. வரி முடிஞ்சதும் கரெக்டா சொல்லிச்சு. தட்டக் கை போயிடுச்சு. மைக்ல விழுமேன்னு தொடையில தட்டிக்கிட்டேன்."

சொல்லும்போதே அவருடைய ஆள்காட்டி விரல் மேசையைத் தட்டியது. பல்லி சொன்னால் சொன்னது நிஜம். கேட்டவர் விரலால் தட்டி அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

"எங்க வீட்லயும் அம்மா தட்டுவாங்க" என்றார் ஷமீமா. "அதுக்காகப் பல்லியோட அனுப்புவீங்களா? மறுபடி எடுங்க."

"எடுத்தேன் மேடம். அந்த வரி மறுபடி அப்படி வரல."

"அப்ப குடுங்க. நான் அழிச்சுத் தர்றேன். நிமிஷ வேலை."

"வேணாம் மேடம்."

"ஏன்?"

"அது நிஜம்னு சொல்லியிருக்கு. அதைப் போய் அழிக்கறதா?"

"சகுனம் மிக்ஸ்ல நிக்காது அண்ணா. மிக்ஸ் பண்றவங்க முதல் வேலையா அதைத்தான் அழிப்பாங்க."

"அவங்க அழிச்சுக்கட்டும். நான் அழிக்கல."

ஷமீமா சிரித்துவிட்டார்.

தணிகாசலம் பாட்டை அனுப்பினார். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதாமல் அனுப்புவது பாடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது என்று கீபோர்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

அசிஸ்டென்ட் கூப்பிட்டார்.

"சார், எந்த ஸ்டூடியோ இது?"

"வீடுதான் சார்."

"நல்லா ஜோக் அடிக்கறீங்க."

அன்றைக்குத் தணிகாசலம் மகளிடம் பேசினார். மகள் பள்ளிக்கூடத்தில் தன் அப்பா சினிமாவில் பாடுகிறவர் என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். எந்தப் பாட்டு என்று கேட்டார்கள். அவளிடம் பதில் இல்லை. அதிலிருந்து அவளுக்குப் புளுகுணி என்று பெயர்.

"இந்தப் பாட்டு வந்ததும் ஸ்கூல்ல சொல்லு" என்றார்.

*

பாட்டு வந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள்.

"உன் பேர் இல்லப்பா."

பெரிய பாடகரின் பெயர் இருந்தது.

தணிகாசலம் வழக்கம்போலப் பாட்டைக் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஷமீமாவிடம் போனார். இந்த முறையும் உட்காருவதற்கு முன்பே பேசினார்.

"போதல மேடம்."

"எது?"

"ஃப்ரீ சாஃப்ட்வேர். போதும்னு நீங்க சொன்னீங்க."

"நான் போதும்னு சொல்லலயே."

"போதாதுன்னும் சொல்லல. நம்பிட்டேன். பெரியவரைக் கூப்பிட்டுப் பாட வெச்சுட்டாங்க. குவாலிட்டி இருந்திருந்தா என்னை வெச்சிருப்பாங்க இல்ல? நாளைக்கு ஸ்கூட்டரைப் பாக்க ஆள் வரான்."

"பாட்டைக் கேட்டீங்களா?"

"நான் கேக்கறதில்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"கேளுங்க."

"எங்க குறைன்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

"நான் சொல்ல முடியாது அண்ணா. உட்காருங்க."

ஹெட்போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பாட்டைப் போட்டார். முதல் நாள் செய்ததுபோலவே திரையை அணைத்தார்.

பல்லவி. பெரிய பாடகர் பாடினார். நன்றாகத்தான் பாடினார். முதல் சரணமும் அவர்தான். தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கூப்பிடக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது சரணம் தொடங்கியது. கட்டியிருந்த கை பிரிந்தது.

வரி மேலே ஏறியது. அங்கேயே நின்றது. அவசரமில்லாமல் இறங்கியது. பிறகு அந்த இடைவெளி.

அவர் விரல் மேசையைத் தட்டியது.

அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் எழுதவில்லை.

பாட்டு முடிந்ததும் ஷமீமா மறுபடி முதலிலிருந்து போட்டார். அதே இடத்தில் மறுபடி விரல் தட்டியது.

தணிகாசலம் ஹெட்போனைக் கழற்றினார்.

"அவருக்கு அந்த வரி ஏறல."

ஷமீமா அவர் கையிலிருந்து ஹெட்போனை வாங்கினார்.

"ஏறாததால என்னுதை எடுத்து ஒட்டியிருக்காங்க. அந்தச் சரணம் பூரா நான்தான். அவரை மாதிரியே பாடிக் குடுத்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

ஷமீமா ஹெட்போனின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"பொண்ணுகிட்டப் போய் என்ன சொல்ல? பாடினது அவரு, பல்லி மட்டும் நம்ம வீட்டுதுன்னு சொல்லவா?"

தணிகாசலம் தான் தட்டிய மேசையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மிக்ஸ் பண்றவங்க முதல் வேலையா பல்லியைத்தான் அழிப்பாங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நிமிஷ வேலைன்னு சொன்னீங்க."

"ஆமா."

"இவங்க ஏன் அழிக்கல?"

ஒயரைச் சுற்றிய கை நின்றது.

"மேடம், இதை மிக்ஸ் பண்ணது நீங்கதானா?"

ஷமீமா வாயைத் திறக்கவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி மேசையைத் தட்டினார்.

*

தணிகாசலம் எழுந்து போகும்போது வாசலில் திரும்பி, "எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டாராம். அதற்கு என்ன பதில் வந்தது என்று கீபோர்டுக்காரருக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டரை விற்கவில்லை. பீரோவுக்கு முன்னால் நின்று, அதே சாஃப்ட்வேரில் இன்னும் டிராக் பாடுகிறார் என்று சொன்னார்.

நான் அந்தப் பாட்டை இணையத்தில் தேடிக் கேட்டேன். இரண்டாவது சரணத்தில் பல்லி இருக்கிறது. கீழே கருத்துப் பகுதியில் ஒருவர், அந்த இடத்தில் வருவது என்ன வாத்தியம், இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று எழுதியிருக்கிறார். நிறையப் பேர் அதை ஆமோதித்திருக்கிறார்கள்.

குரல் பதிவு என்ற இடத்தில் ஒரு பெரிய ஸ்டூடியோவின் பெயர் போட்டிருந்தது. பல்லிச் சத்தம் அந்த ஸ்டூடியோவிலேயே விழுந்திருக்கலாமே என்று தோன்றியது. அங்கே வேலை செய்யும் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், உங்கள் ரெக்கார்டிங் ரூமில் பல்லி உண்டா என்று.

அவர் சிரித்தார்.

"அந்தக் கதவைத் தாண்டி எறும்புகூட உள்ள வராது தம்பி" என்றார்.